டர்பனில் ஆஃப்டர்கேர் நடத்துவோருக்கு: பதிவும் பரிசோதனையும்

பள்ளி விட்டபின் ஆறு பிள்ளைகளுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டால் அந்த இடத்தைப் பதிவு செய்தாக வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 2005-ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் (எண் 38) காசு வாங்குகிறவர், வாங்காதவர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. கோயில் ஹாலில் தொண்டாகத்தானே நடத்துகிறோம், வீட்டுக்குப் பின்னால் அவுட்பில்டிங்கில்தானே நடக்கிறது, எல்லாம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள்தானே என்ற சமாதானம் எதுவும் செல்லாது. ஏழாவது பிள்ளை பையைக் கழற்றி வைத்ததுமே சட்டம் உள்ளே வந்துவிடுகிறது.

எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதிலேயே பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் பள்ளி வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளின் க்ரெஷ் அடிப்படைக் கல்வித் துறையின் கீழ் போய்விட்டது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் ஆஃப்டர்கேர் சமூக மேம்பாட்டுத் துறையிடமே இருக்கிறது. ஒரே கேட்டுக்குள் காலையில் க்ரெஷ், மதியம் ஆஃப்டர்கேர் என்று நடத்துகிறவர்கள் இரண்டு துறையோடும் பேச வேண்டும். க்ரெஷ் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு அதுவே மதியத்துக்கும் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

காசு செலவழிக்கும் முன்

பெரும்பாலானோர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் பெயின்ட், பிறகு மேசை நாற்காலி, பிறகு பெயர்ப்பலகை, கடைசியில்தான் இந்த வீட்டில் இதை நடத்தலாமா என்ற கேள்வி. அதை முதலில் கேளுங்கள். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட், மெரபேங்க் எங்கும் குடியிருப்பு மனையில் காப்பகம் நடத்த முனிசிபாலிட்டியின் நகரத் திட்டமிடல் பிரிவு அனுமதி தர வேண்டும். அதோடு, பிள்ளைகள் இருக்கப்போகும் அறை அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடத்தில் இருக்க வேண்டும். கராஜை மூடிக் கட்டிய அறை, பின்னால் தனியாக எழுப்பிய இரண்டு அறை ஆகியவை வரைபடத்தில் ஏறாமல் நிற்பது நம் பக்கத்தில் சகஜம். அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போனால் சுகாதாரம், தீயணைப்பு இரண்டு பேருமே அங்கேதான் வந்து நிற்பார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். சத்தத்தைவிட, மாலை ஐந்து மணிக்கு வாசலை அடைத்து நிற்கும் கார்கள்தான் ஆட்சேபத்தைக் கிளப்பும். பிள்ளைகளை ஏற்றி இறக்க எங்கே நிறுத்துவீர்கள் என்று ஒரு சின்னப் படம் வரைந்து விண்ணப்பத்தோடு வைத்தால் பாதி வாக்குவாதம் குறையும்.

பழைய கவுன்சில் வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் விளக்கு மாட்டவோ ஃபேன் தொங்கவிடவோ அதில் துளை போடாதீர்கள். உடைந்த கூரைத் தகட்டை நீங்களே கழற்றவும் வேண்டாம். தூசி கிளம்பினால்தான் ஆபத்து. அதைக் கழற்றுவது பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர் வேலை.

கோப்பில் இருக்க வேண்டியவை

விண்ணப்பம் படிவம் 11. அதோடு தொழில் திட்டம் (நேரம், கட்டணம், ஊழியர் யார் யார், பிள்ளைகள் என்ன செய்வார்கள்), அமைப்பாக நடத்தினால் அதன் விதித்தொகுப்பு, அங்கீகரித்த வரைபடம், அவசரகாலத் திட்டம், முனிசிபாலிட்டி தரும் சுகாதாரச் சான்று, ஊழியர்களின் பின்புலச் சான்றுகள். விண்ணப்பம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் மாகாணத் துறை முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது; முடிவுக்கு முன் சமூக சேவைப் பணியாளர் ஒருவரின் அறிக்கையையும் பார்க்க வேண்டும். நீங்கள் நேரில் சந்திக்கும் சோஷியல் வொர்க்கர் அந்த அறிக்கைக்காகத்தான் வருகிறார்.

இழுத்தடிப்பது பின்புலச் சான்றுதான். பிள்ளைகளோடு வேலை செய்யத் தகாதவர்களின் பெயர்கள் உள்ள, தேசியச் சிறுவர் பாதுகாப்புப் பதிவேட்டின் இரண்டாம் பகுதியில் பெயர் இல்லை என்று காட்ட வேண்டும். ஊழியர் தன்னைப் பற்றித் தானே கேட்டால் படிவம் 30, முதலாளி கேட்டால் படிவம் 29. பாலியல் குற்றவாளிகள் பதிவேடு வேறு; அது நீதித் துறையிடம். இரண்டும் வேண்டும். போலீஸ் கிளியரன்ஸ் கையில் இருக்கிறது என்பதால் இவை தேவையில்லை என்று ஆகாது. பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம், ஆகவே முதல் வாரமே அனுப்பிவிட்டு, அனுப்பியதற்கான ரசீதையும் மின்னஞ்சல் நகலையும் கோப்பில் வையுங்கள். டீச்சருக்கு மட்டும் எடுத்தால் போதாது. சமைக்கிற அம்மா, கோம்பி வேன் ஓட்டுகிறவர், வாரம் ஒருநாள் வந்து தமிழ் சொல்லிக்கொடுக்கும் தொண்டர் என்று பிள்ளைகளின் பக்கம் வரும் எல்லோருக்கும் எடுங்கள். அதே வளவில் குடியிருக்கும் பெரியவர்களுக்கும் எடுத்து வைப்பது நல்லது. வீட்டோடு சேர்ந்த காப்பகம் என்றால் சோஷியல் வொர்க்கர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதுதான்.

எத்தனை பிள்ளைகள் பிடிக்கும்

உள்ளே ஒரு பிள்ளைக்கு 1.5 சதுர மீட்டர், வெளியே விளையாட 2 சதுர மீட்டர். 20 பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை, ஒரு கைகழுவும் தொட்டி. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவருக்கு 35 பேர் வரை என்பது வழிகாட்டியில் உள்ள உச்சவரம்பு. எங்களைக் கேட்டால் 35 மிக அதிகம். ஒரு பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் வந்து அந்த ஒரே பெரியவர் பாத்ரூம் பக்கம் போனால் மீதி 34 பேரை யார் பார்ப்பது? எண்ணிக்கை எதுவானாலும் எப்போதும் இரண்டு பெரியவர்கள் வளவுக்குள் இருக்கட்டும்.

இடக் கணக்கில் எல்லோரும் செய்யும் தவறு, சுவருக்குச் சுவர் அளப்பது. 6 மீட்டருக்கு 5 மீட்டர் அறை என்றால் 30 சதுர மீட்டர், 20 பிள்ளைகள் என்று எழுதிவிடுகிறார்கள். அலமாரியும் பை அடுக்கும் ஃபிரிட்ஜும் சேர்ந்து 4 சதுர மீட்டர் பிடித்திருந்தால் மிச்சம் 26 தான். அதை 1.5-ஆல் வகுத்தால் 17. சமையலறை, கழிப்பறை, நடை வழி எதையும் சேர்க்கக் கூடாது. சான்றிதழில் அச்சாகும் எண்ணிக்கைதான் உங்கள் வரம்பு. பரீட்சை வாரத்தில் இரண்டு பேரைக் கூடச் சேர்த்துக்கொண்டாலும் மீறல் மீறல்தான்.

கம்பியும் பூட்டும்

டர்பன் வீடுகளில் தீயணைப்பு அதிகாரி திரும்பத் திரும்பக் குறித்துக்கொள்வது இதைத்தான். திருட்டுப் பயத்தால் ஒவ்வொரு ஜன்னலிலும் பர்க்ளர் கார்ட், ஒவ்வொரு கதவிலும் இரும்பு கேட், கேட்டில் பூட்டு, சாவி ஆன்ட்டியின் கைப்பையில். திருடனும் உள்ளே வர முடியாது, பிள்ளைகளும் வெளியே போக முடியாது. பயம் நியாயமானது, ஆகவே கம்பியை எடுத்துவிடுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. பூட்டு இருக்கும் இடத்தை மாற்றினால் போதும்.

தெருவோரத்து வெளி கேட்டைப் பூட்டிக்கொள்ளுங்கள். உள்ளே அறைக் கதவுகளின் இரும்பு கேட்டுகள் பிள்ளைகள் இருக்கும் நேரம் முழுவதும் பூட்டாமல் திறந்தே நிற்கட்டும். திறந்து நிற்க ஒரு கொக்கியைச் சுவரில் அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது பழக்கதோஷத்தில் இழுத்துச் சாத்திவிடுவார்கள். தானாகப் பூட்டிக்கொள்ளும் ஸ்லாம்லாக் பூட்டு பிள்ளைகளின் அறைக்கு வேண்டவே வேண்டாம். வெளியேறும் வழி இரண்டு இருக்க வேண்டும். இரண்டாவது கதவு இல்லையென்றால், ஒரு ஜன்னலின் கம்பியைக் கீல் வைத்து, உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும்படி வெல்டரிடம் செய்துகொள்ளலாம்; வெட்டும் முன் தீயணைப்பு அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வெளி கேட்டின் சாவி இரண்டு பெரியவர்களின் உடம்பிலேயே, கழுத்திலோ இடுப்பிலோ இருக்கட்டும்.

தீயணைப்பான் 4.5 கிலோ உலர் பொடி வகை போதும். ஆண்டுக்கொரு முறை சர்வீஸ் செய்து, தேதி போட்ட லேபிள் ஒட்டியிருக்க வேண்டும், முள் பச்சையில் நிற்க வேண்டும். வாங்கியதோடு மறந்துவிட்டு, அதன் மேல் ஜாக்கெட் மாட்டி வைத்திருப்பதைத்தான் அதிகம் பார்க்கலாம். கேஸ் அடுப்பு இருந்தால் சிலிண்டர் வெளியே, பொருத்தியவர் தந்த இணக்கச் சான்று கோப்பில். மின்சாரத்துக்கும் அதே போல இணக்கச் சான்று வேண்டும். டிபி போர்டில் உள்ள எர்த் லீக்கேஜ் ஸ்விட்சின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள்; மின்சாரம் பட்டென்று நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் அன்றே எலக்ட்ரீஷியன். மின்வெட்டுக்கு டார்ச் வைத்துக்கொள்ளுங்கள், மெழுகுவர்த்தி வேண்டாம்.

பயிற்சி செய்யாத அவசரகாலத் திட்டம் வெறும் காகிதம். டெர்முக்கு ஒருமுறையாவது ட்ரில் நடத்துங்கள், அதுவும் எல்லோரும் ஷூவைக் கழற்றிப்போட்டு சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மதியம் இரண்டரை மணிக்கு. விசில் அடித்தவுடன் ஒருவர் பாத்ரூமைப் பார்த்துவிட்டு வர, மற்றவர் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு முன்னே போக வேண்டும். கூடும் இடத்தில் தலையை எண்ணாமல் பெயரைக் கூப்பிட்டுப் பாருங்கள். எண்ணிக்கை சரியாக வந்து ஆள் மாறியிருப்பது உண்டு, பக்கத்து வீட்டுப் பையன் வேடிக்கை பார்க்க வந்து வரிசையில் நின்றிருப்பான். தேதி, தொடங்கிய நேரம், கடைசிப் பிள்ளை வெளியேறிய நேரம், எத்தனை பேர், என்ன தடங்கல் என்று எழுதி வையுங்கள். தடங்கல் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் 'இல்லை' என்று எழுதியிருந்தால் எந்த அதிகாரியும் நம்ப மாட்டார்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் பட்ட பாட்டுக்குப் பிறகு திட்டத்தில் தீ மட்டும் இருந்தால் போதாது. சரிவில், ஓடைப் பக்கத்தில் இருக்கும் இடமென்றால் கனமழையில் பிள்ளைகள் எந்தப் பக்கம் நகர்வார்கள், பெற்றோர் வர முடியாவிட்டால் இரவு வரை யார் இருப்பார்கள் என்பதும் எழுதியிருக்க வேண்டும். தொலைபேசிப் பக்கத்தில் ஒட்ட வேண்டிய எண்கள்: போலீஸ் 10111, ஆம்புலன்ஸ் 10177, செல்பேசியிலிருந்து 112, எத்தெக்வினி (டர்பன் முனிசிபாலிட்டி) தீயணைப்பு 031 361 0000, விஷ உதவி 0861 555 777, பிள்ளைகளுக்கான உதவி எண் சைல்ட்லைன் 116.

கோயில் ஹாலில் நடத்தினால்

ஹாலுக்குத் தனிப் பிரச்சினை ஒன்று உண்டு. வெள்ளி மாலை பிள்ளைகள் போன ஹால் வேறு, திங்கள் மதியம் அவர்கள் நுழையும் ஹால் வேறு. இடையில் ஒரு கல்யாணமோ கூழ் ஊற்றலோ நடந்திருக்கும். அவசர வழிக் கதவின் முன் நாற்காலிகள் தலை உயரத்துக்கு அடுக்கியிருக்கும். பிரியாணிப் பானைக்குக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டர் ஒரு மூலையில், தீப்பெட்டியும் கற்பூரமும் ஜன்னல் விளிம்பில், விளக்கெண்ணெய் சிந்திய தரை, மேடைக்குப் பின்னால் யாரோ விட்டுப்போன வெட்டுக்கத்தி. ஹால் கமிட்டியோடு ஒப்பந்தம் எழுதும்போது இதையும் ஒரு வரியாகச் சேருங்கள்: வார இறுதி நிகழ்ச்சி முடிந்ததும் இரண்டு கதவும் தடையின்றி இருக்க வேண்டும், சிலிண்டர் வளவுக்குள் இருக்கக் கூடாது. ஆனாலும் திங்களன்று பிள்ளைகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஒருவர் போய், ஹாலை ஒரு சுற்று சுற்றி, முழங்காலிட்டுப் பிள்ளையின் கண் மட்டத்திலிருந்து பார்த்துவிட வேண்டும். மேசைக்கு அடியில் நீட்டியிருக்கும் ஆணி நின்றபடி பார்த்தால் தெரியாது.

சமையல், தண்ணீர், விஷம்

சாப்பாடு தயாரித்துக் கொடுத்தால் 2018-ஆம் ஆண்டின் ஆர் 638 உணவுச் சுகாதார ஒழுங்குவிதிப்படி, சமைக்கும் இடம் தகுதியானது என்ற ஏற்புச் சான்று வேண்டும். அதைச் சமையலறைப் பக்கம் கண்ணில் படும்படி மாட்டுங்கள். பொறுப்பாளர் உணவுச் சுகாதாரப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் ஒரு தெர்மாமீட்டர் போட்டு 5 டிகிரிக்குள் வையுங்கள், சூடாக வைக்கும் சாப்பாடு 60 டிகிரிக்கு மேல் இருக்கட்டும். காலை பத்து மணிக்கு வடித்த சோறும் பீன்ஸ் கறியும் இரண்டு மணிவரை பானையிலேயே மூடிக் கிடப்பதுதான் பெரிய ஆபத்து. சோற்றில் இருக்கும் கிருமி விதைகள் கொதியில் சாகாது. வெதுவெதுப்பில் முளைத்து அவை விடும் நஞ்சும் மறுபடி சூடாக்கினால் போகாது. தாமதமாக வடியுங்கள், அல்லது அகலத் தட்டில் பரப்பி ஆற்றி உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கைகழுவும் இடத்தில் ஓடும் தண்ணீர், சோப்பு, காகிதத் துண்டு. எல்லோருக்கும் ஒரே துண்டு தொங்கினால் அதுவும் அறிக்கையில் ஏறும். குழாயில் தண்ணீர் வராமல் போகும் பகுதிகளில் ஜோஜோ என்ற பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பதானால், வாசனை சேர்க்காத சாதாரண ப்ளீச் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, 25 லிட்டருக்குக் கலந்து இரண்டு மணி நேரம் வைத்த பிறகு கொடுங்கள்.

விஷப் பொருள் விஷயத்தில் அதிகாரிகள் இப்போது கறாராக இருக்கிறார்கள், காரணமும் இருக்கிறது. 2024 அக்டோபரில் சொவெட்டோவின் நலேடியில் ஆறு பிள்ளைகள் டெர்புஃபோஸ் என்ற பூச்சிமருந்தால் இறந்தார்கள். விவசாயத்துக்கு உள்ள அந்த மருந்தை எலிக்கும் கரப்பானுக்கும் என்று தெருவில் பொட்டலம் கட்டி விற்பார்கள். லேபிள் இல்லாத எலி மருந்து வளவுக்குள்ளேயே நுழையக் கூடாது. எலித் தொல்லை என்றால் பதிவு பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளரைக் கூப்பிட்டு ரசீதைக் கோப்பில் வையுங்கள். ஜிக் ப்ளீச், பாராஃபின், டெட்டால் எதையும் கூல்ட்ரிங்க் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு வரும் பிள்ளை போத்தலின் வடிவத்தைத்தான் பார்க்கும், வாசனையைப் பிறகுதான் அறியும். இவை பூட்டிய அலமாரியில், சாப்பாட்டுப் பொருளோடு சேராமல் இருக்க வேண்டும்.

மருந்து அலமாரியும் பூட்டியிருக்க வேண்டும், ஆனால் ஆஸ்துமா பம்ப் விதிவிலக்கு. அது பூட்டுக்குள் போய், சாவி வெளியே போன ஆன்ட்டியிடம் இருந்தால் பூட்டே எமனாகிவிடும். பிள்ளையின் பெயர் எழுதிய பையில், பிள்ளைகளுக்கு எட்டாத, பெரியவர்களுக்கு உடனே எட்டும் உயரத்தில் வையுங்கள். மருந்துப் பதிவேட்டில் பெற்றோர் கையெழுத்து, மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம், கொடுத்தவர் கையெழுத்து. பெற்றோர் வாட்ஸ்அப்பில் சொன்னார் என்பதைப் பதிவேட்டில் ஒட்டாவிட்டால் அது சொல்லாததற்குச் சமம்.

பள்ளியிலிருந்து வருவதும் வீட்டுக்குப் போவதும்

நீங்களே வண்டி வைத்தால் ஓட்டுநருக்குத் தொழில்முறை ஓட்டுநர் அனுமதி, வண்டிக்கு இயக்க உரிமம், ஒவ்வொரு நாளும் ஏறியவர் இறங்கியவர் பட்டியல். 2017 மே 11 முதல் காசுக்குப் பள்ளிப் பிள்ளைகளைப் பக்கியின் (பிக்கப் வண்டியின்) பின்பக்கத்தில் ஏற்றுவது தடை; மேலே கேனபி மூடி போட்டிருந்தாலும் தடைதான்.

அழைத்துப் போக வருபவர் விஷயத்தில் நம் பழக்கமே நமக்கு எதிரி. பிள்ளைகள் எல்லா ஆண்களையும் அங்கிள் என்றும் எல்லாப் பெண்களையும் ஆன்ட்டி என்றும்தான் கூப்பிடும். 'அங்கிள் வந்துட்டார்' என்று பிள்ளை ஓடுவது அடையாளம் ஆகாது. பெற்றோர் எழுதிக் கொடுத்த பெயர்ப் பட்டியல், அவர்களின் அடையாள அட்டை நகல், நேரம் எழுதிய கையெழுத்து மூன்றும் வேண்டும். புதியவர் வந்தால், பெற்றோர் முன்பே எழுதிக் கொடுத்த எண்ணுக்கு நீங்களே அழைத்து உறுதி செய்யுங்கள். வந்தவர் நீட்டும் செல்பேசியில் பேசாதீர்கள். பிரிந்து வாழும் பெற்றோர் என்றால் நீதிமன்ற உத்தரவின் நகலைச் சேரும் நாளிலேயே கேட்டு வாங்குங்கள். இந்தத் தகவல் எல்லாம் தனிப்பட்டவை, பூட்டிய இழுப்பறையில் இருக்கட்டும்.

அடியும் காயமும்

பிள்ளைகளை அடிக்கக் கூடாது; பெற்றோர் அனுமதி எழுதிக் கொடுத்தாலும் கூடாது. வீட்டுக்குள் பெற்றோர் அடிப்பதற்குச் சட்டத்தில் இருந்த பாதுகாப்பையே 2019 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் எடுத்துவிட்டது. சுவரில் மாட்டிய பிரம்பு விளையாட்டுக்கு என்றாலும் பரிசோதனையன்று அது சிரிப்புக்குரியதாக இருக்காது.

பெரிய காயமோ கொடுமையோ நடந்தால் பெற்றோருக்கும் மாகாணத் துறைக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். இறப்பு என்றால் போலீசுக்கும். பிள்ளை வீட்டில் கொடுமைப்படுகிறது என்று நியாயமான சந்தேகம் வந்தால் படிவம் 22-இல் முறையிடுவது காப்பக ஊழியர்களின் சட்டக் கடமை. குடும்பம் தெரிந்த குடும்பம் என்று மூடி மறைக்க இடமில்லை. சின்னக் கீறலையும் விபத்துப் பதிவேட்டில் எழுதி, அன்று மாலையே பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

அதிகாரி வரும் நாள்

சொல்லிவிட்டும் வரலாம், சொல்லாமலும் வரலாம். அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், வருகிறவரைச் சரிபார்க்கும் காப்பகம் என்று நல்லபடியாகவே எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் அதிகாரியோடு நடக்க, மற்றவர் பிள்ளைகளோடு இருக்க வேண்டும். அதிகாரியைச் சுற்றி எல்லா ஊழியரும் கூடி நிற்க, பிள்ளைகள் தனியே கூரையைப் பிய்ப்பது கண்ணெதிரே நடக்கும் மீறல். கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லுங்கள்; இல்லாததை இல்லை என்று சொன்னால் அவகாசம் கிடைக்கும், இருக்கிறது என்று சொல்லித் தேட ஆரம்பித்தால் அடுத்த அலமாரியையும் திறக்கச் சொல்வார்கள்.

போகும்போது எழுத்தில் அறிக்கை, ஒவ்வொரு குறைக்கும் கெடு தேதி இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பூட்டு, விஷப்பொருள், மின்சாரம் அன்றே சரியாக வேண்டியவை, பெயின்ட் காத்திருக்கும். சரிசெய்ததற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து, ரசீதோடு கடிதமாக அனுப்புங்கள். முழுமையாகத் தேறாத இடத்துக்கு நிபந்தனையோடு பதிவு கிடைக்கும். நிபந்தனையும் காலமும் சான்றிதழிலேயே இருக்கும், அந்தத் தேதியைக் காலண்டரில் சிவப்பில் குறியுங்கள். பதிவில்லாமல் நடத்தினாலோ விதியை மீறினாலோ அமலாக்க நோட்டீஸ் வரும். அதில் குறித்த காலத்துக்குள் விண்ணப்பிக்கவோ திருத்தவோ செய்யாமல் தொடர்ந்தால் குற்றமாகிவிடும். மறுப்போ ரத்தோ வந்து, அது தவறென்று பட்டால் மாகாண அமைச்சரிடம் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

முழுப் பதிவு ஐந்து ஆண்டுக்கு. புதுப்பிக்கும் விண்ணப்பம் முடிவுத் தேதிக்கு 90 நாள் முன்பே போய்ச் சேர வேண்டும். படிவம் 30-க்குப் பதில் வர ஆகும் காலத்தையும் கணக்கில் வைத்து, நான்காம் ஆண்டு முடியும்போதே கோப்பைத் திறந்துவிடுங்கள்.